செம்மண் பாய்ஸின் மூன்றாவது குரல்

நாலு நிமிடப் பாட்டு. அதற்குக் கீழே இருநூற்றுப் பதினாறு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அதில் முப்பத்தேழு பேர் எழுதியிருந்தது என்னுடைய பொய். ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

செம்மண் பாய்ஸ் என்று சொன்னால் இன்றைக்கு ஸ்கூடாயில் என் பக்கத்து வீட்டு மாணவர்களுக்குத் தெரியாது. எண்பதுகளில் ஜொகூர் தோட்டங்களில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காஹாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த மூன்று பேர், ஒரு எலெக்ட்ரிக் கித்தார், கடன் வாங்கிய டிரம் செட். சினிமாவில் ஒருவர் பாடுவார், அல்லது இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். இவர்கள் மூவரும் ஒரே வரியை ஒரே நேரத்தில் மூன்று உயரத்தில் பாடினார்கள். மேலே அய்யாவு, நடுவில் கித்தாரோடு திருச்செல்வம், கீழே காளிதாஸ். தோட்டத்து லாலாங் புல்லைப் பற்றிய ‘லாலாங் பூ’ என்ற பாட்டின் கடைசி வரியில் மூன்று குரலும் ஒன்றாக நிற்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அறுபத்தெட்டு வயதில் இன்றைக்கும் அப்படித்தான்.

போன ஜனவரியில் அய்யாவு இறந்துபோனார். அவர் நினைவாக யாரோ ஒரு புண்ணியவான் பழைய இரண்டு கேசட்டுகளையும் யூடியூபில் ஏற்றிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது.

பத்து பஹாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: “எங்கப்பா இந்தக் கேசட்டப் போட்டுக்கிட்டுத்தான் லோரி ஓட்டுவாரு. டேப் அறுந்து செலோடேப் போட்டு ஒட்டிக் கேட்டோம். ஒட்டுன எடத்துல ஒரு வார்த்த காணாமப் போகும். இப்பவும் அந்த எடம் வந்தா எனக்கு அந்த வார்த்த கேக்கல.”

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்: “காஸ்வே ஜேம்ல மாட்டிக்கிட்டு இதக் கேட்டேன். அழுதுட்டேன் லா.”

ஒரு மேதாவி: “இதெல்லாம் வெள்ளக்காரன் ஸ்டைல். காப்பி.” அதற்கு இன்னொருவர்: “நீ ஒண்ணு காப்பி அடிச்சுக் காட்டு பாஸ், கேப்போம்.”

முதல் கேசட் நல்லதா இரண்டாவது நல்லதா என்று ஒரு சண்டை. இரண்டாவதில் காளிதாஸ் இல்லை, அதே ‘லாலாங் பூ’வை இரண்டு குரலில் மறுபடி பாடியிருப்பார்கள். “வீடு இருக்கு, தரை இல்ல” என்று அதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நல்ல காது உள்ளவர். அதற்குக் கீழேதான் ஆரம்பித்தது.

“கீழ்க்குரல் செம. பாவம், குடியில அழிஞ்சிட்டாரு.”

“காஹாங் பங்குனி உத்திரத்துல புல் தண்ணி. ஸ்டேஜ்லயே விழுந்தாரு. நானே பாத்தேன்.”

“தெய்வக் குரல் குடுத்தா மட்டும் போதாது, ஒழுக்கமும் வேணும்.”

காளிதாஸ் அன்றைக்கு விழவில்லை. நான் எழுதிய கடிதத்தில் ‘கால் தள்ளாட’ என்றுதான் இருந்தது. தள்ளாடியவரை முப்பத்தெட்டு வருஷத்தில் இவர்கள் விழவைத்துவிட்டார்கள்.

அப்போது நான் எஸ்டேட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய படிப்பாளி என்று நினைப்பு வேறு. நாளேட்டின் ஞாயிறு மலருக்கு வாரம் தவறாமல் வாசகர் கடிதம் எழுதுவேன். ரோடு சரியில்லை, நாடகம் சரியில்லை, பட்டிமன்ற நடுவர் சரியில்லை. காவடி, அலகு எல்லாம் மூடப்பழக்கம் என்றும் எழுதியிருக்கிறேன். அதனால் பங்குனி உத்திரத்தன்று பகல் முழுக்க வீட்டில் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் செம்மண் பாய்ஸ் கச்சேரி என்பதால் மட்டும் கோயிலுக்குப் போனேன்.

எஸ்டேட் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது அன்றைக்கு என் பொறுப்பு. அது மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன். காளிதாஸ் ஒரு ஸ்டௌட் பீர் போத்தலை வாயில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் அய்யாவு மட்டும். பிறகு மேடையில் ஏறினார்கள். காளிதாஸுக்கு நாக்குக் குழறியது. ‘லாலாங்’ என்ற சொல்லே வாயில் சிக்கித் தடுமாறியது. நிற்கவும் சிரமப்பட்டார்.

மறுநாளே எழுதினேன். கோயில் மேடையில், அதுவும் உத்திரத்தன்று, மது அருந்திவிட்டுப் பாடிய பாடகர் என்று பெயர் போட்டு எழுதினேன். மேடைக்குப் பின்னால் போத்தலைக் கண்டேன் என்றும், நாக்குக் குழற, கால் தள்ளாடப் பாடினார் என்றும் எழுதினேன். என் பெயரை மட்டும் போடவில்லை. ‘ஒரு ரசிகன், காஹாங்’ என்று கையெழுத்து.

இது ஏதோ சமூக அக்கறை என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். நானே அப்படித்தான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் ஒரு பாட்டு எழுதி காளிதாஸிடம் கொடுத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, சிரிக்காமல், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “நல்லாருக்கு சார். ஆனா பாட்டு மாதிரி இல்ல, லெட்டர் மாதிரி இருக்கு” என்றார். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் கிடந்தது. லெட்டர்தானே என்று ஒரு லெட்டர் எழுதிவிட்டேன்.

கடிதம் வந்த இரண்டு வாரத்தில் மூன்று கோயில்கள் கச்சேரியை ரத்து செய்தன. எஸ்டேட் கோயில்கள்தான் அவர்களுக்குச் சோறு. காளிதாஸ் இல்லாமல் வந்தால் சரி என்றார்கள் கமிட்டிக்காரர்கள். காளிதாஸ் குழுவை விட்டுப் போனார். அடுத்த வருஷம் இரண்டு குரலில் இரண்டாவது கேசட் வந்தது, யாரும் வாங்கவில்லை, குழு கலைந்தது. திருச்செல்வம் கடல் தாண்டிப் பெர்த்துக்குப் போய்விட்டார். நான் ஸ்கூடாய் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்து, கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஓடிவிட்டேன். குடிகாரனைக் குடிகாரன் என்று சொன்னேன், தப்பென்ன என்று ஒரு நியாயம் மனசில் இருந்துகொண்டே இருந்தது.

இருநூற்றுப் பதினேழாவது கருத்து அந்த நியாயத்தைப் பிடுங்கி எறிந்தது. எழுதியவர் பெயர் யோகேஸ்வரி.

“நான் காளிதாஸோட மகள். எங்கப்பா குடிச்சதே இல்ல. அன்னிக்குக் காலையில குளுவாங் கோயில்ல நாக்குல அலகு குத்திக் காவடி எடுத்தாரு. நாப்பத்தெட்டு நாள் விரதம். நாக்கு வீங்கிப் போச்சு. கச்சேரிய நிறுத்தக் கூடாதுன்னு அதோடயே வந்து பாடுனாரு. போத்தல்ல இருந்தது விபூதி கரைச்ச ஐஸ் தண்ணி. வேற போத்தல் கெடைக்கல. தயவுசெஞ்சு இப்படி எழுதாதீங்க.”

தோட்டத்தில் ஸ்டௌட் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும், நல்லெண்ணெய் இருக்கும், பிள்ளைக்குக் கஷாயம் இருக்கும். என் வீட்டிலேயே தேன் இருந்தது. அது எனக்குத் தெரியாததா? அன்றைக்குப் பகலில் குளுவாங் காவடிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால், யாராவது ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மூடப்பழக்கம் என்று கால் நீட்டிப் படுத்திருந்தேனே, அதுதான் என் பகுத்தறிவு.

அந்தப் பெண்ணின் கருத்துக்குக் கீழே மூன்று சிரிக்கும் முகங்கள். “எல்லா மகளும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று ஒரு பதில்.

நான் அவசரமாக எழுதினேன்: “நான் அன்று அங்கே இருந்தேன். அவர் குடித்திருக்கவில்லை.” இவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “நானும் இருந்தேன் அங்கிள். நானே பாத்தேன். உங்களுக்கு வயசாயிருச்சு.” அவர் படத்தைத் தட்டிப் பார்த்தேன். நாற்பது வயதுகூட இருக்காது. உத்திரத்தன்று அவர் பிறந்திருந்தால் அதிகம்.

கோபத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். கோபம் அவர் மேல் இல்லை. அவர் யாரிடமோ கேட்டார், அந்த யாரோ நான் எழுதியதைப் படித்திருந்தார். நான் எழுதியதை இப்போது எனக்கே சாட்சியோடு சொல்கிறார்கள். பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. காளிதாஸிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். மன்னித்தால், ஆமாம், அந்த ஆசையும் இருந்தது.

யோகேஸ்வரிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். “அப்பா வீட்லதான் இருக்காரு, வாங்க அங்கிள். பழைய ரசிகர்னா ரொம்ப சந்தோஷப்படுவாரு” என்று முகவரியோடு பதில் வந்தது.

சனிக்கிழமை காலை காரில் கிளம்பினேன். ஆயர் ஈத்தாமில் இறங்கித் தேநீர் குடித்தேன். குடிக்க வேண்டும் என்று இல்லை, அரை மணி நேரம் தள்ளிப்போடத்தான். குளுவாங் தாண்டினதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். காஹாங்கில் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை.

காளிதாஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

“அட, நம்ம கிராணி சாரா? மக யாரோ ரசிகர் வராருன்னு சொல்லுச்சு. நீங்கன்னு சொல்லலயே. உக்காருங்க, உக்காருங்க.”

அந்தக் குரல் பேசும்போதும் கீழேதான் இருந்தது. உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி எடுத்து வந்து, துடைத்துப் போட்டார். இருபத்தாறு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியதாகச் சொன்னார். பாடுவதுண்டா என்று கேட்டேன். “எங்க சார், கோயில் பஜனைக்குக்கூட வாயத் தொறக்கறதில்ல. பழக்கம் விட்டுப் போச்சு” என்றார்.

இதற்கு மேல் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“காளிதாஸ், அந்த லெட்டர எழுதுனது நான்தான்.”

“எந்த லெட்டர்?”

“ஒரு ரசிகன், காஹாங். எண்பத்தாறுல. போத்தலப் பாத்தேன்னு எழுதுனது. நான் ஜெனரேட்டர் கொட்டகையில இருந்தேன். தப்பு பண்ணிட்டேன். நீங்க என் பாட்ட வேணாம்னு சொன்ன கோவம் வேற. என்ன மன்னிச்சிடுங்க.”

நகம் வெட்டியை மூடி, சட்டைப் பையில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அய்யாவு எழுதலயா?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மேடைக்குப் பின்னால் அன்றைக்கு இரண்டு பேர்தான் இருந்தார்கள். போத்தலைக் கொடுத்தது அய்யாவு. அது வேறு யாருக்கும் தெரியாது என்று காளிதாஸ் நினைத்திருந்தார். கடிதத்தில் போத்தல் வந்ததும் முடிவு செய்துவிட்டார். அந்தச் சமயம் அடுத்த கேசட்டில் யார் தனிவரி பாடுவது என்று இருவருக்கும் சின்ன மனஸ்தாபம் இருந்தது. அதற்காகத்தான் அய்யாவு தன்னை வெட்டிவிட்டான் என்று நம்பினார்.

“அவன் இங்க மூணு தடவ வந்தான் சார். கதவத் தொறக்கல. அவன் கல்யாணத்துக்குப் பத்திரிக வந்துச்சு, போகல. என் கல்யாணத்துக்குச் சொல்லல.”

“அவரு எழுதலன்னு சொல்லலயா?”

“சொன்னான். ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு சத்தியம் பண்ணான். நான் நம்பல.” வாசலில் கிடந்த நகத் துணுக்குகளைக் காலால் ஒதுக்கினார். “அந்த அலகு எதுக்குக் குத்துனேன் தெரியுமா? அதுக்கு முந்துன வருசம் அவனுக்கு மஞ்சக்காமாலை. பொழைக்க மாட்டான்னுட்டாங்க. அவன் பொழைச்சா அலகு குத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். பொழைச்சான். நேத்திக்கடன வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆத்தா சொல்லும். அதனால வீட்டுல தவிர யார்கிட்டயும் சொல்லல. குடிகாரன்னு சொன்னப்பவும் சொல்லல.”

நான் தலைகுனிந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

“ஜனவரியில செத்தான். இங்கேருந்து ஒரு மணி நேரம். நான் சாவுக்குப் போகல சார்.”

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்த் தொலை என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். “காடி இருக்குல்ல? வாங்க. அவன் வீட்டுக்குப் போவோம். அவன் பொண்டாட்டி, அந்தப் புள்ளகிட்ட நீங்க சொல்லணும்.”

காரில் ஏறினோம். வானொலியை அணைத்துவிட்டேன். காலையில் தேநீர் குடித்த அதே ஆயர் ஈத்தாமுக்குத்தான் திரும்பி வந்தோம். பூச்சட்டிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. நான் தேநீர் குடித்த இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கலாம்.

அய்யாவுவின் மனைவி கிருஷ்ணம்மா கதவைத் திறந்தார். கேசட் அட்டையில் பார்த்திருந்த காளிதாஸை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல், “வாங்கண்ணே” என்று வழிவிட்டார். கூடத்தில் அய்யாவு படம், மாலை, சின்னதாக ஒரு மின்விளக்கு. காளிதாஸ் படத்துக்கு எதிரில் போய் நின்றுகொண்டார்.

“இவரு யாருண்ணே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார் கிருஷ்ணம்மா.

“எங்க ரசிகர்மா,” என்றார் காளிதாஸ், திரும்பாமலே.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அது இவ்வளவு சுட்டிருக்காது. மீதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். காஹாங்கில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன், வார்த்தை கோர்வையாக வரவில்லை. கிருஷ்ணம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். காளிதாஸிடம்தான் பேசினார்.

“டிசம்பர்ல ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணேன்ணே. அவரு பேர சொன்னதும் வெச்சிட்டீங்க.”

“ஆமாம்மா.”

“அவருதான் பண்ணச் சொன்னாரு.”

“என்ன பேசணும்னு சொன்னானா?”

“பேச ஒண்ணும் இல்லன்னாரு. லாலாங் பூ கடைசி வரிய ஒரு தடவ சேர்ந்து பாடணுமாம். மேல நான் பாடறேன், கீழ அவன் புடிச்சா போதும்னாரு. கட்டில்ல படுத்துக்கிட்டுத் தனியாப் பாடிப் பாப்பாரு. அந்த எடத்துல நிறுத்திட்டு, உங்க பங்குக்கு விட்டுட்டு, அப்புறம் முடிப்பாரு. நர்ஸ்ங்கல்லாம் சிரிப்பாங்க.”

காளிதாஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க போன்ல அது இருக்கா சார்?”

“இருக்கு.”

“ரெண்டாவது கேசட்ல உள்ளது. நான் இல்லாதது.”

தேடி எடுத்துப் போட்டேன். கை வழுக்கி ஒருமுறை வேறு பாட்டு வந்துவிட்டது. பிறகு கித்தார், திருச்செல்வத்தின் குரல், அதற்கு மேலே அய்யாவு. முப்பது வயதுகூட ஆகாத அய்யாவு. கிருஷ்ணம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். காளிதாஸ் முழங்காலில் விரலால் தாளம் போட்டார். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.

கடைசி வரி வந்தது. மேலே இரண்டு குரல், கீழே காலி. அவர் வாயைத் திறந்தார். நெஞ்சு ஏறியதைப் பார்த்தேன், கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அந்த வரி அவருக்காக நிற்காமல் போய்விட்டது, பாட்டு முடிந்தது.

“இன்னொரு தடவ போடுங்க சார்,” என்றார்.

போட்டேன். மறுபடியும் அந்த இடம் வந்தது, வாய் திறந்தது, மறுபடியும் போனது. மூன்றாவது தடவையும் கேட்டார். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை. நானே போட்டேன். அவர் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி அணைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“போதும் சார். அவன் எத்தன தடவதான் காத்திருப்பான்.”